எழுபத்திரண்டு கிலோ

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் கடைத்தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'எழுபத்திரண்டு' என்று கேட்டால் போதும், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் தராசுப் பட்டறையைக் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த மனிதரின் எடை எழுபத்திரண்டு கிலோ. கூடவுமில்லை, குறையவுமில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

தராசைப் பழுதுபார்த்தால் இரும்புக் கல்லை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். சட்டமும் அதுதான், நியாயமும் அதுதான். பட்டறையில் இருபது கிலோக் கற்கள் ஆறும் சில்லறைக் கற்களும் உண்டு. பட்டறைக்குள் வருகிற தராசுகளுக்கெல்லாம் அவைதான். கிடங்கிலும் மூன்றாம் மாடியிலும் கிடக்கிற பெரிய மேடைத் தராசுகளுக்கு அந்தக் கல்லையெல்லாம் யார் தூக்கிக்கொண்டு போவது? பட்டறையில் அவருக்குச் சரிபாதிக் கூட்டாளி அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. ஒருமுறை கற்களை மாடிக்குச் சுமந்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கல்லுக்குப் பதிலாகத் தானே ஏறி நின்றால் என்ன?

சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தார். திங்கட்கிழமை தவறாமல் பட்டறையின் பழைய தண்டுத் தராசில் இரும்புக்கு எதிராகத் தன்னை நிறுத்துக்கொள்வார். அதே காலணி, அதே பெல்ட், சட்டைப்பை காலி. எழுபத்திரண்டு. அடுத்த வாரமும் எழுபத்திரண்டு. இரண்டு வருஷம் போன பிறகு நிறுப்பதை விட்டுவிட்டார். தெரிந்த விஷயத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது?

வேலை சுலபம். தராசின் அடியில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தி 'இப்போது எழுபத்திரண்டு கிலோ வரப்போகிறது' என்று எண்ணைப் பதிந்துவிட்டு மேலே ஏறி நிற்க வேண்டும். அதன் பிறகு ஏறி நின்றது எதுவோ அதைத்தான் எழுபத்திரண்டு என்று அந்தத் தராசு நம்பும். இறங்கியதும் வேலைச் சீட்டில் எழுதுவார்: இடம், தேதி, திருத்தும் முன் காட்டியது, திருத்திய பின் காட்டியது. கடைசிக் கட்டத்தில் எப்போதும் எழுபத்திரண்டுதான். காசு வாங்காத வேலைக்கும் சீட்டு எழுதாமல் நகர மாட்டார்.

இப்படி இருந்தவருக்கு, போன வருஷம் ஒரு கிடங்குத் தராசு எழுபத்தொன்று புள்ளி ஆறு காட்டியது. சரிசெய்தார். அடுத்த மாதம் இன்னொன்று எழுபத்தொன்று. அதையும் சரிசெய்தார். பிறகு எழுபது சொச்சம். தராசுகளுக்குள் புதிதாக வருகிற எடை உணரிகளே மட்டம் என்று முடிவுகட்டி, அவற்றைச் செய்கிற கம்பெனிக்கு மூன்று பக்கத்துக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். தங்கள் பொருளைச் சோதித்துப் பார்த்ததாகவும் குறை ஒன்றும் தெரியவில்லை என்றும் அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். பொய்யர்கள் என்று மைத்துனனிடம் சொல்லி அந்தக் கடிதத்தைக் கசக்கிப் போட்டார்.

அதே சமயத்தில் சாப்பாடு இறங்காமல் போயிற்று. பசி எடுக்கும். உட்காருவார். நாலு வாய் உள்ளே போனதும் விருந்து சாப்பிட்டவர் மாதிரி வயிறு அடைத்துக்கொள்ளும். தட்டைத் தள்ளி வைப்பார். அவர் மனைவி துணிக்கடையில் பழைய துணிகளைப் பிடித்தும் தளர்த்தியும் தைத்துக் கொடுக்கிறவள். அவருடைய கால்சட்டைகளை இடுப்பில் ஒரு தடவை பிடித்துத் தைத்தாள். பெல்ட்டுக்கு அவரே பட்டறை ஆணியால் ஒரு துளை போட்டுக்கொண்டார். பெல்ட் இழுத்துப் போச்சு என்றார்.

இரண்டாம் தடவை கால்சட்டையைப் பிடிக்க வேண்டி வந்தபோது அவள் டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நகரவில்லை.

"என்னங்க, மூணு அங்குலம் போயிருக்கு."

"உன் டேப்பு துணி. ஈரம் பட்டா சுருங்கும், இழுத்தா நீளும். நான் நிக்கிறது தராசுல. நேத்துகூட எழுபத்திரண்டுதான்."

"அந்தத் தராசை யாரு சரிபண்ணினது?"

"நான்தான். வேற எவன் பண்ணுவான்?"

பதிலில் ஒரு குறையும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவள் மறுநாள் காலையில் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு தெருமுனைக் கிளினிக்குக்குப் போனாள்.

கிளினிக் டாக்டர் வயதானவர், பொறுமையானவர், அந்தத் தெருவுக்கே வைத்தியம் பார்ப்பவர். உள்ளே போவதற்கு முன் நர்ஸ் எடை பார்க்கச் சொன்னாள். ஏறி நின்றார். அறுபத்தொன்பது புள்ளி ஒன்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்க தராசுக்கு வயசாயிடுச்சும்மா என்று சொல்லி, இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் திருப்புளியை எடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திருகாணியை முடுக்கி, ஏறி நின்று, எழுபத்திரண்டைப் பார்த்துவிட்டு, சீட்டும் எழுதி நகலைக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். நர்ஸ் நன்றி சொல்லி அவருடைய அட்டையில் எழுபத்திரண்டு என்று எழுதினாள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். போன வருஷத்து எழுபத்திரண்டுக்குக் கீழே இந்த வருஷத்து எழுபத்திரண்டு.

"எடை இறங்கியிருந்தா நான் கவலைப்பட்டிருப்பேன். அப்படியே இருக்கு. வயித்துப் புண்ணாத்தான் இருக்கும். ஆறு வாரம் இந்த மாத்திரையைச் சாப்பிடுங்க."

பார்த்தாயா என்கிற மாதிரி மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் நிம்மதிதான். நல்ல சேதியை யாராவது வேண்டாம் என்பார்களா?

ஆறு வாரம் கழித்துப் போனபோது அதே தராசு எழுபது புள்ளி நாலு காட்டியது. மறுபடியும் திருப்புளி, மறுபடியும் எழுபத்திரண்டு. ஆனால் வாந்தி ஆரம்பித்திருந்ததால், எதற்கும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். கேமரா பார்க்கிற இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எடை என்ற கட்டத்தை அவர் யோசிக்காமல் நிரப்பினார். உள்பக்கம் லேசான சிவப்பு, மடிப்புகளில் கொஞ்சம் தடிப்பு, கட்டி ஒன்றும் இல்லை என்றது அறிக்கை. கிள்ளி எடுத்த சதையைச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விசாரித்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் சலவைக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. துணியை எடைபோட்டுக் காசு வாங்குகிற இடம் அது. உங்கள் தராசு கூடக் காட்டுகிறது, எங்களைத் திருடர்கள் என்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் மேல் இருந்த கோபத்தையெல்லாம் சலவைக்கூடத்துக்காரி மைத்துனனிடம் கொட்டினாள். அவன் மூன்று இரும்புக் கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அறுபது கிலோ இரும்பை வைத்தான். அறுபத்தைந்து புள்ளி ஒன்று காட்டியது. கல்லை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். அதேதான்.

மைத்துனன் அவசரக்காரன் அல்ல. பட்டறைக்குத் திரும்பி, ஒரு வருஷத்து வேலைச் சீட்டுகளை எடுத்து, வெளியே போய்ப் பார்த்த தராசுகளை மட்டும் பிரித்து, தேதிவாரியாக மேசையில் பரப்பினான். பதினாலு சீட்டு. 'திருத்தும் முன் காட்டியது' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். எழுபத்தொன்று புள்ளி ஆறு. எழுபத்தொன்று. எழுபது புள்ளி மூன்று. அறுபத்தொன்பது புள்ளி ஒன்று. பிறகு அறுபத்தாறு, அறுபத்தைந்து. தராசுகள் பலவிதமாகத் தப்பும். ஒன்று கூடும், ஒன்று குறையும். பதினாலும் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கமாக, ஒன்று நீங்கலாக மாதத்துக்கு மாதம் கூடுதலாகத் தப்புமா?

அவர் வெளியிலிருந்து வந்ததும் சொன்னான்.

"மச்சான், அந்தத் தண்டுத் தராசுல கொஞ்சம் ஏறுங்களேன்."

"எதுக்கு?"

"ஏறுங்க, சொல்றேன்."

ஏறினார். மறுபக்கத்துத் தட்டில் அவன் இருபது கிலோக் கல் மூன்றை வைத்தான். இன்னொரு இருபதை எடுக்கப் போகவில்லை, சில்லறைக் கற்களை எடுத்தான். இரண்டு கிலோ. ஒரு கிலோ. இருநூறு கிராம் கல் இரண்டு. தண்டு சமமாக நின்றது. அறுபத்து மூன்று புள்ளி நாலு.

"கல்லைப் பாரு, தேஞ்சிருக்கும்" என்றார். சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கல் தேய்ந்தால் எடை இன்னும் கூடுதலாக அல்லவா காட்டும்! இறங்கி வந்து மேசையில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் அவர் கையெழுத்து. பயம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. கை கால் எல்லாம் அடுத்தவருடையது போல இருந்தது. வெளியே ஒரு பேருந்து வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்தத் தராசுகளை எல்லாம் இரும்பு வைத்து மறுபடியும் சரிபண்ண வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுநாளே மூன்று பேரும் போனார்கள். வயிற்று நோய்களுக்கான டாக்டரம்மா அங்கே இருந்தார், நாற்பது வயதிருக்கும். கேமரா அறிக்கையைப் படித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் பேசினார். எப்போதிலிருந்து எடை குறைகிறது என்று கேட்டார். மைத்துனன் சீட்டுக் கட்டை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னான். ஒரு சீட்டில் மட்டும் எண் வரிசையை மீறி ஏறியிருந்தது. அது ஏற்கனவே தப்பாகத் திருத்திய கிளினிக் தராசு என்று விளக்கினான். டாக்டரம்மா சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பேசுகிற வேகம் குறைந்தது.

"எந்த நோயாளியும் எனக்கு இவ்வளவு துல்லியமாக் கணக்கு கொடுத்ததில்ல" என்றார். அது பாராட்டு இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவே மறுபடியும் கேமரா விட்டார். காற்றை ஊதினால் வயிறு பை மாதிரி விரிய வேண்டும், அவருடையது விரியவில்லை. இந்தத் தடவை மேலாகக் கிள்ளாமல், ஒலி அலைக் கருவியால் சுவரின் தடிமனைப் பார்த்து, ஊசியை ஆழமாகச் செலுத்திச் சதை எடுத்தார். முடிவு வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் அவர் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு சின்னக் கைத்தராசைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வயிற்றைப் படம் போட்டார். சாதாரணமாக வயிற்றுப் புற்றுநோய் என்றால் ஓர் இடத்தில் கட்டியாகவோ புண்ணாகவோ கிளம்பும், கேமராவில் பார்த்ததுமே தெரிந்துவிடும் என்றார். இது அரிதான வகை. கட்டியாகத் திரளாது. ஒவ்வொரு செல்லாகப் பிரிந்து, உள்தோலுக்கு அடியில், சுவருக்குள்ளேயே பரவும். மேலே பார்த்தால் அநேகமாக ஒழுங்காகவே இருக்கும். அதனால்தான் முதல் தடவை கிள்ளிய சதை சுத்தமாக வந்தது. சுவர் தடித்து விறைத்துப் போவதால் வயிறு விரியாது. அதனால்தான் நாலு வாயிலேயே நிறைந்துவிடுகிறது.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பிரிங் விறைச்சுப் போச்சுன்னு சொல்லுங்க."

"அப்படி வெச்சுக்கலாம்."

"மாத்திடலாமா?"

வயிற்றுக்கு வெளியே பரவியிருக்காவிட்டால் மொத்த வயிற்றையும் எடுத்துவிட்டு, உணவுக் குழாயைக் குடலோடு இணைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அப்படி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டு. ஆனால் ஸ்கேனில் தெரியாத பொடிப் பரவல் இந்த வகையில் அதிகம். அதைப் பார்க்கத் தொப்புள் பக்கத்தில் சின்னத் துளை போட்டு ஒரு குழாயை விட வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அப்போதே அறுவை. இருந்தால் அறுவை இல்லை, மருந்துதான்.

அத்தனையும் அந்தத் துளையில் வந்து நின்றது. மனைவி வீட்டுக்கு வந்ததும் அவருடைய கால்சட்டைகளை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு, பிடித்த தையலைப் பிரித்தாள். எதற்கு என்று கேட்டார். நல்லா ஆனதும் வேணும்ல என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்த நூலைப் பொறுக்கிக் கொடுத்தார். எனக்குப் பயமா இருக்கணும், ஒண்ணுமே தோண மாட்டேங்குது என்று அவளிடம் சொன்னார். எனக்கு இருக்கு, நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து என்றாள் அவள்.

துளை போட்ட அன்று, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று மைத்துனன் சந்தோஷப்பட்டான், பாவம். வயிற்றுக்குள் போர்த்தியிருக்கும் சவ்வில் மணல் தூவினாற்போலப் பொடிப்பொடியாக இருந்ததாம். அறுவை இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றலாம். நோயை மெதுவாக்கலாம், குணமாக்க முடியாது என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மொத தராசு காட்டினப்பவே நான் நம்பி வந்திருந்தா?"

"இது ஒளிஞ்சு பரவுற நோய். சீக்கிரமே வந்தவங்களுக்கும் சில சமயம் இப்படித்தான் இருந்திருக்கு."

"எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும்? ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க."

"தெரியாததுக்கு நான் நம்பர் சொல்ல மாட்டேன்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆயுள் முழுக்க நம்பரோடு வாழ்ந்தவர். பொய் நம்பர் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் பல நாள் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. பத்து மாதம். பத்து மாதமும் தராசு சொல்லியது, அவர் அதன் வாயை மூடிக்கொண்டே இருந்தார்.

மருந்து ஏற்றிய முதல் வாரம் எழுந்திருக்க முடியாது. இரண்டாம் வாரம் சுமார். மூன்றாம் வாரம் மைத்துனனின் வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொள்வார், பின்னால் இரும்புக் கற்கள். நீங்க வர வேண்டாம் மச்சான், நான் பாத்துக்கிறேன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். கையெழுத்து என்னோடது, போட்ட தப்பை நான்தான் அழிக்கணும் என்றார். கிடங்கு, காகித ஆலை, காய்கறி மொத்தக்கடை. ஒவ்வோர் இடத்திலும் தராசு கூடக் காட்டியது தன் தப்பு என்று தானே சொன்னார். சிலர் திட்டினார்கள். சலவைக்கூடத்துக்காரி அவரைப் பார்த்ததும் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டு, உட்கார நாற்காலி எடுத்துப் போட்டாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

கிளினிக்கைக் கடைசியாக வைத்திருந்தார். அன்றைக்கு மனைவியும் கூட வந்தாள். பெஞ்சில் ஏழெட்டு நோயாளிகள் கையில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை மாதமும் இங்கே ஏறியவர்கள் எல்லோருடைய அட்டையிலும் தப்பு எடை. கிளினிக் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உங்க முகத்தைப் பாக்காம அட்டையைப் பாத்துட்டேன்."

"அந்த நம்பரை வெச்சது நான்தானே, டாக்டர்."

மைத்துனன் தராசைத் திருத்தி, மூன்று கல்லை வைத்தான். அறுபது. எடுத்தான். பூஜ்யம். மறுபடியும் வைத்தான். அறுபது. அவர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். சீட்டில் 'திருத்தும் முன் காட்டியது' என்ற கட்டத்தை மைத்துனன் நிரப்பினான்: அறுபத்து மூன்று புள்ளி ஒன்பது. கடைசிக் கட்டத்தில் அறுபது என்று எழுதப் போனபோது அவர் கை நீட்டித் தடுத்தார்.

"கல்லை இறக்கு."

காலணியைக் கழற்றவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியையும் கண்ணாடியையும் எடுத்து மனைவியிடம் கொடுத்தார். மைத்துனனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி, பிறகு கையை எடுத்துவிட்டு, இருபத்தாறு வருஷமாக நின்ற மாதிரியே நிமிர்ந்து நின்றார். எண்கள் ஓடி நின்றன. ஐம்பத்தைந்து புள்ளி எட்டு.

பழக்க தோஷம், வலது கை தானாக இடுப்பில் செருகியிருந்த திருப்புளிக்குப் போயிற்று. மனைவி பார்த்தாள். மைத்துனன் பார்த்தான். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை எடுத்துத் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"தராசு சரியா இருக்கு. எழுதிக்கோ" என்றார்.

மைத்துனன் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான், எழுதவில்லை. அவர் இறங்கி, சீட்டை வாங்கி, சுவரில் வைத்து, கடைசிக் கட்டத்தில் ஐம்பத்தைந்து புள்ளி எட்டு என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பெஞ்சில் முதலாவதாக உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, இனி நீங்க ஏறலாம்மா என்று சொல்லி வழிவிட்டார்.